கத்தினால்தான் உணர்ச்சியா? ராக் பாடகர்களின் குரலைக் கேட்பது எப்படி

ராக் இசை கேட்கும் நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் இந்தச் சண்டை வந்துவிடும். குயின் குழுவின் ஃப்ரெடி மெர்க்குரியை மிஞ்ச ஆள் இல்லை என்பார் ஒருவர். குரல் வேறு, ஃபீல் வேறு, ஃபீலுக்கு நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன்தான் என்பார் இன்னொருவர். ஜானிஸ் ஜாப்ளினைக் கேட்காதவர்கள் இதைப் பற்றிப் பேசவே கூடாது என்று மூன்றாமவர் கோபப்படுவார். நான்காமவர் யார் எத்தனை ஆக்டேவ் (நம் இசையில் ஸ்தாயி) பாடுவார் என்று போனில் தேட ஆரம்பித்திருப்பார்.

இந்தச் சண்டை முடியாமல் போவதற்கு ரசனை மட்டும் காரணம் இல்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு விஷயத்தை அளந்துகொண்டிருக்கிறார்கள். ஒருவர் சத்தத்தை அளக்கிறார். இன்னொருவர் பாடகரின் வாழ்க்கைச் சோகத்தை அளக்கிறார் (கோபேனும் ஜாப்ளினும் 27 வயதில் இறந்தவர்கள், அந்தத் தகவல் தெரிந்தபின் அவர்கள் குரலை வெறும் குரலாகக் கேட்பது கஷ்டம்). மற்றொருவர் உச்சஸ்தாயியை அளக்கிறார். குரலில் உணர்ச்சி உண்டாகும் விதத்தை இந்த மூன்றுமே நேராகச் சொல்வதில்லை.

என் கணிப்பு இது. ஒரு பாடகர் தன்னுடைய வழக்கமான குரலிலிருந்து எந்த இடத்தில், எவ்வளவு விலகுகிறார் என்பதைத்தான் நாம் உணர்ச்சி என்று கேட்கிறோம். இதைப் புரிந்துகொள்ள முதலில் குரல் எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடலாம்.

குரல் பிறக்கும் இடம்

ஊதிய பலூனின் வாயை இரண்டு பக்கமும் விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு காற்றை விட்டுப் பாருங்கள். கீச்சென்று சத்தம் வரும். இழுப்பைக் கூட்டினால் சத்தம் மெல்லிசாகி மேலே ஏறும். தளர்த்தினால் பர்ரென்று கீழே இறங்கும். பலூனை அமுக்கினால் சத்தம் பெரிதாகும்.

தொண்டையிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. நுரையீரலிலிருந்து காற்று மேலே வருகிறது. வழியில், குரல்வளைக்குள், இரண்டு சின்னத் தசை மடிப்புகள் இருக்கின்றன. இவற்றைக் குரல் நாண்கள் என்கிறோம். பெரியவர்களுக்கு இவை ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். காற்று இவற்றைத் தள்ளித் திறக்கிறது, இவை மறுபடி மூடிக்கொள்கின்றன. ஆண்கள் சாதாரணமாகப் பேசும்போது இந்தத் திறப்பும் மூடலும் நொடிக்குச் சுமார் 110 முறை, பெண்களுக்குச் சுமார் 200 முறை நடக்கும். இந்த வேகத்தைத்தான் நாம் சுருதி என்று கேட்கிறோம். நாண்களை இழுத்து நீட்டினால் சுருதி ஏறும். அடியிலிருந்து வரும் காற்றழுத்தம் கூடினால் சத்தம் கூடும். அதன்பிறகு தொண்டை, வாய், நாக்கு, உதடு எல்லாம் சேர்ந்து அந்த ஒலிக்கு ஒரு நிறம் கொடுக்கின்றன.

ஆனால் பலூனுக்கு உடம்பு கிடையாது. நமக்கு உண்டு. பாடுவதற்குப் பயன்படுத்தும் அதே மூச்சும் அதே தசைகளும்தான் விழுங்கவும் சிரிக்கவும் விம்மவும் வேலை செய்கின்றன. பயந்தால் தொண்டை இறுகுகிறது, நாண்களும் இறுகுகின்றன. கோபம் வந்தால் காற்றழுத்தம் எகிறுகிறது. சோர்ந்துபோனால் எல்லாம் தளர்ந்து குரல் கம்முகிறது. எதிரே நிற்பவரின் சொல் புரியாத மொழியாக இருந்தாலும் அவர் திட்டுகிறாரா கெஞ்சுகிறாரா என்று நமக்குத் தெரிவது இதனால்தான்.

பாட்டுக்கும் இதே கணக்குதான். பேச்சில் உணர்ச்சி பற்றிய 104 ஆய்வுகளையும் இசையில் உணர்ச்சி பற்றிய 41 ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2003இல் வெளியானது. இரண்டிலும் அடையாளங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. கோபம் என்றால் வேகம், உரத்த சத்தம், கூர்மையான ஒலி. சோகம் என்றால் நிதானம், தணிந்த சத்தம், மங்கலான ஒலி.

இவ்வளவுதான் அடிப்படை: காற்றழுத்தம், நாண்களின் இழுப்பு, வாயும் தொண்டையும் தரும் நிறம். இந்த மூன்றையும் உடம்பின் நிலை மாற்றுகிறது. அந்த மாற்றத்தைக் காது உடனே பிடித்துக்கொள்கிறது.

எதிலிருந்து விலகுகிறார்?

சரி, அப்படியென்றால் கோபத்தைக் காட்ட ஓங்கிக் கத்தினால் போதுமா? போதாது. ஏசி/டிசி குழுவின் 1980ஆம் ஆண்டு ஆல்பம் 'பேக் இன் பிளாக்'. அதில் பிரையன் ஜான்சன் முதல் பாட்டு முதல் கடைசிப் பாட்டு வரை தொண்டையைக் கிழித்துக்கொண்டுதான் பாடுகிறார். இரண்டாவது பாட்டுக்கு வரும்போதே நமக்கு அது பழகிவிடுகிறது. அதற்குமேல் அந்தக் கரகரப்பு கோபமாகவோ வேதனையாகவோ கேட்பதில்லை. அது அவருடைய குரல், அவ்வளவுதான். அந்தக் குழுவுக்குத் தேவையும் அதுதான். கொண்டாட்டத்தில் யாரும் விம்மலைத் தேடுவதில்லை.

நிர்வாணா இதற்கு எதிர்ப்பக்கம். 1991இல் வந்த 'நெவர்மைண்ட்' ஆல்பத்தில் பல பாடல்களின் சரணம் முணுமுணுப்பாகப் போகும். சொற்கள் வாய்க்குள்ளேயே தேயும். பிறகு பல்லவி வந்ததும் கோபேனின் குரல் ஒரேயடியாக வெடிக்கும். வெடிப்பின் சத்தத்தை மட்டும் எடுத்து ஜான்சனின் சத்தத்தோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இருக்காது. முன்னால் வந்த முணுமுணுப்புதான் அதற்கு அர்த்தம் கொடுக்கிறது.

ஆகவே எந்தப் பாடகரைக் கேட்டாலும் முதலில் கவனிக்க வேண்டியது அவருடைய சும்மா இருக்கும் குரலை. அதைத் தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தைத் தரையிலிருந்துதான் அளக்க முடியும்.

கரகரப்பு எங்கிருந்து வருகிறது?

ராக் என்றதும் நினைவுக்கு வருவது கரகரப்புதான். இதற்கு நாண்களை மட்டும் காரணம் சொல்ல முடியாது. குரல் நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் உண்டு. அவற்றுக்குப் பொய் நாண்கள் என்று பெயர். சாதாரணப் பேச்சில் அவை ஒதுங்கியே இருக்கும். அழுத்தமாகக் கத்தும்போது அவையும் நெருங்கி வந்து அதிரத் தொடங்கும். கீழே ஒரு தாளம், மேலே இன்னொரு தாளம். இரண்டும் மோதும்போது ஒலி சீராக இல்லாமல் துண்டு துண்டாக நறுக்கப்பட்டு வருகிறது. அதைத்தான் கரகரப்பு என்று கேட்கிறோம்.

இந்த நறுக்கலின் வேகம் முக்கியம். மனிதர்களின் அலறலை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. அலறலில் ஒலியின் அளவு நொடிக்கு 30 முதல் 150 முறை ஏறி இறங்குகிறது என்று அது காட்டியது. சாதாரணப் பேச்சில் இந்த ஏற்ற இறக்கம் நொடிக்கு நான்கைந்து முறைதான். மூளையில் பயத்தோடு தொடர்புள்ள பகுதி இந்த வேகமான நறுக்கலுக்குத்தான் சட்டென்று விழித்துக்கொள்கிறது. குழந்தை வீறிட்டால் தூக்கத்திலிருந்து துள்ளி எழுவதற்கும், ஒரு ராக் பாடகரின் அலறலில் முதுகு சிலிர்ப்பதற்கும் அடியில் இருப்பது ஏறக்குறைய ஒரே ஏற்பாடு.

ஜானிஸ் ஜாப்ளின் இதை எப்படிக் கையாண்டார் என்பதற்கு 1967 ஜூனில் கலிஃபோர்னியாவின் மான்டெரே பாப் விழாவில் அவர் பாடிய 'பால் அண்ட் செயின்' நல்ல சாட்சி. பிக் மாமா தார்ன்டன் என்ற ப்ளூஸ் பாடகியின் பாட்டு அது. ஜாப்ளின் பாட்டை எடுக்கும்போது குரல் கிட்டத்தட்டப் பேச்சு. கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏறுகிறது. ஒரு சொல்லைச் சுத்தமான குரலில் தொடங்கி, அதை முடிப்பதற்குள் கரகரப்புக்குள் தள்ளிவிடுகிறார். அலறிவிட்டு அடுத்த நொடியே சத்தத்தை முழுக்க இறக்கி, கெஞ்சுவது போல ஒரு வரி. அந்த விழாவைப் படம்பிடித்த காட்சியில், கூட்டத்தில் இருந்த பாடகி காஸ் எலியட் வாயைப் பிளந்து 'வாவ்' என்பது பதிவாகியிருக்கிறது. ஜாப்ளின் கத்துகிறார் என்று மட்டும் சொல்பவர்கள் அந்த இறக்கத்தைக் கேட்பதில்லை. ஏற்றத்தைவிட அந்த இறக்கம்தான் கடினம்.

இன்னொரு வகைக் கரகரப்பு உண்டு. அதில் திட்டம் எதுவும் இருக்காது. 1963 பிப்ரவரி 11ஆம் தேதி லண்டனில் பீட்டில்ஸ் குழு தங்கள் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியை ஒரே நாளில் பதிவு செய்தது. ஜான் லென்னனுக்கு அன்று ஜலதோஷம். 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டு தொண்டையைப் பதம் பார்த்துவிடும் என்று தெரிந்தே தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அதைக் கடைசிக்கு வைத்திருந்தார். நாள் முழுக்கப் பாடிக் களைத்த தொண்டை, இருமல் மிட்டாய், பால். ஒரே டேக். இரண்டாவது முறை முயன்றபோது லென்னனிடம் குரலே மிச்சம் இல்லை. இன்று நாம் கேட்பது அந்த முதல் டேக்கைத்தான். அதில் கேட்கும் பிசிறு பயிற்சியால் வந்ததில்லை. நாண்கள் வீங்கியிருக்கும்போது வரும் பிசிறு அது. இதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்ள வேண்டாம்; தொண்டை கட்டியிருக்கும்போது கத்திப் பாடிக் குரலைக் கெடுத்துக்கொண்ட பாடகர்கள் ஏராளம்.

ஃப்ரெடி: கட்டுப்பாட்டுக்குள் ஒரு கலகம்

ஃப்ரெடி மெர்க்குரியைப் பற்றி நம் ஊரில் கொஞ்சம் கூடுதல் பாசம் உண்டு. ஜான்சிபாரில் பிறந்த பார்சி, மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில் பள்ளியில் படித்தவர், இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. அந்தப் பாசம் இருக்கட்டும். அவர் குரலைப் பற்றிச் சுற்றும் கதைகளில் பாதி ஆக்டேவ் கதைகள். நான்கு ஆக்டேவ் என்று அடித்துச் சொல்பவர்கள் உண்டு. குரல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் அவருடைய பதிவுகளையும் பேட்டிகளையும் அலசி 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த அலசலில் கிடைத்தது 37 அரைச்சுரங்கள், அதாவது மூன்று ஆக்டேவுக்குச் சற்று மேல். அதைவிடச் சுவாரசியமான விஷயம், அவர் பேசும் குரலின் சுருதி நொடிக்கு ஏறத்தாழ 117 அதிர்வு. ஆண் குரல்களில் நடுத்தரக் கட்டைக்கு பாரிடோன் என்று பெயர், அதற்கு மேலே உள்ளதற்கு டெனர். பேசும்போது மெர்க்குரி பாரிடோன். பாடும்போது டெனரின் இடத்தில் ஏறி நின்றார். அவர் பேசிய குரலுக்கும் அவர் பாடிய உயரத்துக்கும் இடையில் எப்போதும் ஓர் இழுவிசை இருந்திருக்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

அப்புறம் வைப்ரட்டோ. நீட்டிப் பிடித்த சுரம் சீராக மேலும் கீழும் அசைவதற்கு இந்தப் பெயர். இதைக் கமகம் என்று நினைத்துவிடக் கூடாது. கமகத்தில் அசைவுதான் சுரத்தின் வடிவம். எந்த ராகத்தில் எந்தச் சுரத்துக்கு எப்படி அசைவு என்று வழிமுறை உண்டு. வைப்ரட்டோ தசையின் துடிப்பு, சுரம் ஏற்கெனவே நின்றபின் அதன்மேல் வரும் அலை. மேற்கத்தியச் செவ்விசைப் பாடகர்களுக்கு இது பொதுவாக நொடிக்கு ஐந்தரை முதல் ஏழுக்குள் இருக்கும். மெர்க்குரிக்குச் சராசரி 7. அதோடு ஒழுங்கில்லாத அலை. ஓபரா பாடகரின் அலை வழுக்கிக்கொண்டு போகும், மெர்க்குரியின் அலை படபடக்கும். படபடப்பை நம் காது எதனோடு சேர்த்துப் புரிந்துகொள்ளும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பொய் நாண்கள் இங்கேயும் வருகின்றன. மெர்க்குரி உயிரோடு இல்லாததால், அவரைப் போலவே பாடிக் காட்டிய ஒரு தொழில்முறை ராக் பாடகரின் தொண்டைக்குள் அதிவேகக் கேமராவை விட்டு நொடிக்கு நாலாயிரத்துக்கும் மேல் படங்கள் எடுத்தார்கள். குரல் நாண்கள் மூன்று முறை அதிரும்போது பொய் நாண்கள் ஒரு முறை அதிர்ந்தன. கரகரப்பு இருந்தது, ஆனால் கணக்கோடு இருந்தது. லென்னனின் ஜலதோஷக் கரகரப்புக்கும் இதற்கும் உள்ள தூரம் இதுதான்.

1976இல் வந்த 'சம்படி டு லவ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அரீதா ஃபிராங்க்ளினின் ரசிகரான மெர்க்குரி, தேவாலயச் சேர்ந்திசையின் பாணியை ராக்குக்குள் கொண்டுவந்த பாட்டு. கடைசிப் பகுதியில் இசைக்கருவிகள் ஒதுங்கிக்கொள்ள, ஒரே வரி தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஏற்றம். எங்கே வெடிக்கப்போகிறது என்று நமக்கு முன்னாலேயே தெரியும், தெரிந்தும் காத்திருக்கிறோம். இதில் உணர்ச்சி இல்லை, வெறும் டெக்னிக்தான் என்று சொல்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிந்ததே இல்லை. அந்தக் காத்திருப்பை உண்டாக்கியதே டெக்னிக்தான்.

குரல் உடையும் நொடி

இந்தக் கட்டுரையில் யாருக்கு அதிக இடம் கொடுக்கலாம் என்று என்னைக் கேட்டால், பட்டியல்களில் பெரும்பாலும் வராத ஒருவரைச் சொல்வேன். மெர்ரி கிளேட்டன்.

1969. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 'கிம்மி ஷெல்டர்' பாட்டை லாஸ் ஏஞ்சலீஸில் முடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெண் குரல் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஏறக்குறைய நள்ளிரவு. கிளேட்டனின் வீட்டுக்குப் போன் போகிறது. அவர் கர்ப்பிணி, படுக்கப் போயிருந்தார். தலையில் சுருட்டிகளோடு அப்படியே ஸ்டூடியோவுக்குக் கிளம்பி வந்தார். சில டேக்குகள் பாடிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

பாட்டின் மூன்றாவது நிமிடத்தை ஒட்டி அவருடைய தனிப் பகுதி. ஒரே வரியை மூன்று முறை பாடுகிறார், ஒவ்வொரு முறையும் இன்னும் உயரத்தில், இன்னும் அழுத்தத்தில். அழுத்தம் எல்லை தாண்டும்போது நாண்களால் அந்த இழுப்பைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. ஒரு கணம் அவற்றின் பிடி நழுவி, சுருதி எகிறி, உடனே திரும்பி வருகிறது. குரல் உடைவது என்று நாம் சொல்வது இதைத்தான். கிளேட்டனுக்கு அந்தப் பகுதியில் இரண்டு முறை இது நடக்கிறது. இரண்டாவது முறை 'மர்டர்' என்ற சொல்லில். அது உடைந்த மறுகணம் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் 'ஊ' என்று கூவுவது மெல்லிசாகக் கேட்கும். குழுவின் பாடகர் மிக் ஜாகர்தான். தன்னை மறந்து கூவியதை டேப் பிடித்துவிட்டது. யாரும் அதை அழிக்கவில்லை.

இங்கே நடந்ததைப் பிரித்துப் பாருங்கள். கிளேட்டன் தேவாலயப் பாட்டில் வளர்ந்தவர், ரே சார்ல்ஸோடு பாடியவர். குரலை எங்கே நிறுத்த வேண்டும் என்று நன்றாகத் தெரிந்தவர். அப்படிப்பட்டவரின் பிடி நழுவுவதால்தான் அது காதில் விழுகிறது. பயிற்சி இல்லாதவரின் குரல் உடைந்தால் தவறு என்று கடந்துபோவோம். அந்த ஆல்பம் முதலில் வெளியானபோது அவருடைய பெயரை மேரி கிளேட்டன் என்று தவறாக அச்சிட்டிருந்தார்கள் என்பது தனிக் கொடுமை.

மூச்சு, இடைவெளி

இதுவரை சொன்னதெல்லாம் அழுத்தத்தின் பக்கம். அழுத்தமே இல்லாமலும் இதைச் செய்யலாம்.

குரல் நாண்கள் முழுசாக மூடாமல் கொஞ்சம் இடைவெளி விட்டால் காற்று கசியும். குரலில் 'ஹ' கலந்தது போல் ஒரு மூச்சொலி சேரும். காதருகே ரகசியம் சொல்பவரின் குரல் அது. நாண்களின் விளிம்பு மட்டும் அதிரும்படி மெல்லிசாக்கி உயரத்துக்குப் போனால் ஃபால்செட்டோ. நம் பாட்டு வாத்தியார்கள் கள்ளக் குரல் என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். கர்நாடக இசையில் அதற்கு மரியாதை கிடையாது. ராக்கில் அது ஒரு முக்கியமான ஆயுதம். ரேடியோஹெட் குழுவின் தாம் யார்க் பாடும்போது இந்த மெல்லிய குரலுக்கும் முழுக் குரலுக்கும் இடையில் எங்கே தாண்டினார் என்று தெரியாமல் தாண்டுவார்.

ஜெஃப் பக்லி 1994இல் 'கிரேஸ்' ஆல்பத்தில் பாடிய 'ஹல்லேலூயா' பாட்டின் முதல் ஒலி சுரம் இல்லை, சொல்லும் இல்லை. ஒரு பெருமூச்சு. அதன்பிறகுதான் கிட்டார் வருகிறது. ஒலிப்பதிவில் இப்படிப்பட்ட மூச்சை வெட்டி எறிவது சர்வசாதாரணம். அதை வைத்ததால், பாட்டு தொடங்குவதற்கு முன்பே ஏதோ நடந்து முடிந்துவிட்டது என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. பக்லி, நுஸ்ரத் ஃபதே அலி கானின் தீவிர ரசிகர், அவருடைய கவ்வாலியைப் பாடியும் பார்த்தவர். ஒரு உயிரெழுத்தை நீட்டி அதற்குள்ளேயே சுற்றி வரும் பழக்கம் அவரிடம் இருப்பதற்கு அந்தக் கேள்வி ஞானமும் காரணமாக இருக்கலாம்.

இடைவெளிக்கு உதாரணம் மறுபடி கோபேன்தான். 1993 நவம்பர் 18, நியூயார்க், எம்டிவியின் அன்பிளக்ட் நிகழ்ச்சி. மின்கிட்டாரின் சுவர் இல்லை. கடைசிப் பாட்டு, லெட் பெல்லி பாடிப் புகழ்பெற்ற ஒரு பழைய நாட்டுப்புறப் பாட்டு. பாட்டின் பெரும்பகுதியைக் கோபேன் தாழ்ந்த குரலில், கொஞ்சம் அலுத்தது போலவே பாடுகிறார். கடைசிச் சரணத்தில் ஒரு ஆக்டேவ் மேலே தாவுகிறார், குரல் கிழிகிறது. கடைசி வரியை முடிக்காமல் நடுவில் நிறுத்துகிறார். மூச்சை உள்ளே இழுக்கிறார். அதுவரை மூடியிருந்த கண்கள் திறந்து ஒரு பார்வை. பிறகு மிச்சச் சொற்கள். காட்சியாகப் பார்க்காமல் வெறும் ஒலியாகக் கேட்டாலும் அந்த மூச்சு கேட்கும். தாளத்தின்படி வர வேண்டிய சொல் வராமல் போகும்போது நம் மூச்சும் நின்று காத்திருக்கிறது. ஐந்து மாதங்களுக்குள் அவர் இறந்துவிட்டதால் அந்தப் பார்வைக்கு ஆளாளுக்கு அர்த்தம் எழுதிவிட்டார்கள். அது இல்லாமலேயே அந்த நிறுத்தம் வேலை செய்கிறது.

சுருக்கமாக: கரகரப்பும் உடைவும் அழுத்தம் கூடுவதால் வருபவை, மூச்சொலியும் இடைவெளியும் அழுத்தத்தை விடுவதால் வருபவை. இரண்டு திசையிலும் விலகலாம்.

மைக்கும் ஒரு பாடகர்

ரகசியக் குரல் பத்தாயிரம் பேருக்குக் கேட்பது மைக்கினால்தான். இதை மறந்துவிட்டு ஓபரா பாடகரையும் ராக் பாடகரையும் ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை. ஓபரா பாடகர் மைக் இல்லாமல் வாத்தியக் குழுவைத் தாண்டிக் கேட்க வேண்டும், அதனால் அவரால் முணுமுணுக்க முடியாது. ராக் பாடகருக்கு அந்தக் கவலை இல்லை.

ஸ்டூடியோவில் கம்ப்ரஸர் என்று ஒரு கருவி உண்டு. பெரிய சத்தத்தைக் குறைத்து, அந்த இறக்கத்தை ஈடுகட்ட மொத்த ஒலியையும் உயர்த்தும். விளைவாக, உதடு ஒட்டிப் பிரிவது, எச்சில் விழுங்குவது, மூச்சு எல்லாம் முன்னால் வந்து நிற்கும். ராக் பதிவுகளில் கேட்கும் நெருக்கத்தில் ஒரு பங்கு இந்தப் பெட்டிக்குச் சேர வேண்டும்.

இதைத் தலைகீழாகப் பயன்படுத்தியவர் பாடகர் டேவிட் போவியின் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி. 1977, பெர்லினில் ஹான்சா ஸ்டூடியோ, பெர்லின் சுவருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கூடம். 'ஹீரோஸ்' பாட்டுக்கு மூன்று மைக்குகள் வைத்தார். ஒன்று போவியின் வாய்க்குச் சுமார் ஒன்பது அங்குலத்தில், இரண்டாவது 20 அடி தள்ளி, மூன்றாவது 50 அடி தள்ளி. தள்ளியிருந்த இரண்டும் குறிப்பிட்ட சத்தத்துக்கு மேல் போனால்தான் திறக்கும். முதல் சரணத்தைப் போவி சாதாரணமாகப் பாடுகிறார், பக்கத்து மைக் மட்டும் கேட்கிறது. தூரத்து மைக்குகள் திறக்க வேண்டும் என்றால் கத்தித்தான் ஆக வேண்டும். கத்தும்போது கூடத்தின் எதிரொலி முழுக்க உள்ளே வருகிறது. பாட்டின் கடைசியில், பெரிய வெளியில் தனியாக நின்று யாரையோ கூப்பிடும் ஆள் போலக் கேட்கிறார். தொண்டையும் அறையும் சேர்ந்து செய்த விலகல் அது.

உண்மையாக அழுதால் என்ன?

நெஞ்சு உருகிப் பாடுகிறார் என்று சொல்லும்போது, பாடகர் அந்த நிமிடம் அதையே அனுபவித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். உடம்பின் பக்கம் இருந்து பார்த்தால் அது அவ்வளவு சுலபம் இல்லை. நிஜமாக அழும்போது தொண்டை அடைக்கிறது, மூச்சு துண்டாகிறது, குரல் தழுதழுக்கிறது, சுருதி நிற்காது. அந்த நிலையில் இரண்டு வரி பாடலாம், முழுப் பாட்டு பாட முடியாது. பாடகர் செய்வது அழுகையின் ஒலி அடையாளங்களில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்து, மற்றதைக் கட்டுக்குள் வைப்பது. இதை ஏமாற்று என்று சொல்வதானால் எல்லா நடிப்பையும் அப்படிச் சொல்ல வேண்டியிருக்கும்.

ராய் ஆர்பிசன் மேடையில் அசையவே மாட்டார். கறுப்புக் கண்ணாடி, கையில் கிட்டார், சிலை மாதிரி நிற்பார். 1961இல் வந்த 'ரன்னிங் ஸ்கேர்ட்' இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமான பாட்டு. பல்லவி கிடையாது. தணிந்து தொடங்கி ஏறிக்கொண்டே போகிறது. கடைசிச் சுரத்தை முதலில் ஃபால்செட்டோவில் முயன்றார். வாத்தியக் குழுவின் சத்தத்தில் அது அமுங்கிப்போனது. அடுத்த டேக்கில் அதே சுரத்தை முழுக் குரலில் எடுத்தார். பாட்டு மொத்தமும் அந்த ஒரு சுரத்துக்காகக் காத்திருந்தது போல இருக்கும். முகத்தில் எதுவும் தெரியாத ஆளிடமிருந்து அது வருகிறது.

வாழ்க்கைக் கதை குரலில் கேட்குமா என்ற கேள்விக்கு இரண்டு பதிவுகள் எதிரெதிர் பதில் சொல்கின்றன. மெர்க்குரி 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' பாடியபோது எய்ட்ஸ் நோய் முற்றியிருந்தது. இதைப் பாட முடியுமா என்று குயின் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே கவலைப்பட்டதையும், மெர்க்குரி வோட்காவை ஒரு மடக்கு குடித்துவிட்டுப் பாடி முடித்ததையும் மே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பதிவில் நோய் கேட்கவில்லை. குரல் எஃகு மாதிரி நிற்கிறது. நம்மைக் கலங்க வைப்பதில் பாதி, நமக்கு வெளியிலிருந்து தெரிந்த செய்தி.

ஜானி கேஷ் 2002இல் பாடிய 'ஹர்ட்' இதற்கு நேர்மாறு. நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் பாட்டு. 1994இல் அந்தக் குழுவின் டிரென்ட் ரெஸ்னர் அதைக் கிசுகிசுப்பாகப் பாடியிருந்தார். கேஷுக்கு அப்போது 70 வயது, உடல்நிலை மோசம். வரிகளின் முடிவில் மூச்சு தீர்ந்துபோகிறது, குரல் நடுங்குகிறது. அது அவர் தேர்ந்தெடுத்த நடுக்கம் இல்லை. ஆனால் 1950களிலிருந்து ஆடாமல் அசையாமல் நின்ற அந்தக் கட்டைக் குரலை அறிந்தவர்களுக்கு அந்த நடுக்கம் என்னவாகக் கேட்கும்! அவருடைய தரை அந்தப் பாட்டுக்குள் இல்லை, நாற்பத்தைந்து வருடப் பதிவுகளில் இருக்கிறது.

இனி சண்டை போடலாம்

மெர்க்குரியா கோபேனா என்று கேட்டால் என்ன சொல்வது? பாட்டில் மெர்க்குரியின் தரை உயரமானது, பளபளப்பானது. அவர் விலகுவது பெரும்பாலும் மேல்நோக்கி, பெரிய வளைவுகளாக, முன்கூட்டிக் கட்டியது. கோபேனின் தரை தாழ்ந்தது, அலுப்பானது. அவர் விலகுவது சட்டென்று, கிழித்துக்கொண்டு. மெர்க்குரியின் பாட்டைக் கோபேன் பாடினால் நடுவில் மூச்சு நின்றுவிடும். கோபேனின் பாட்டை மெர்க்குரி பாடினால் அந்த அலுப்பு இருக்காது, அலுப்பு இல்லையென்றால் வெடிப்புக்கு வேலை இல்லை. இருவரில் யாருக்கு உணர்ச்சி அதிகம் என்று கேட்பதைவிட, இந்தப் பாட்டில் இந்த வரியில் யார் என்ன செய்தார் என்று கேட்டால் பேச்சு நகரும்.

எனக்கு விருப்பம் எது என்று கேட்டால் மறைக்கவில்லை: இறக்கத் தெரிந்தவர்கள். அந்த வகையில் ஜாப்ளினுக்கு என் ஓட்டு, மெர்க்குரிக்கு அதற்கு அடுத்த இடம். ஏறிக்கொண்டே போவதற்குத் தெம்பு இருந்தால் போதும்.

கேட்டுப் பழக வேண்டுமென்றால் ஹெட்போனில் ஆர்பிசனிலிருந்து தொடங்குங்கள். பாட்டு சின்னது, அமைப்பு எளிது, விலகல் ஒரே ஒரு இடத்தில். அடுத்து 'ஹீரோஸ்' பாட்டில் அறை எப்போது உள்ளே வருகிறது என்று பிடியுங்கள். அதன்பிறகு 'கிம்மி ஷெல்டர்'. முதல் தடவை கிளேட்டனை மட்டும் கேளுங்கள், ஜாகரின் கூவலை இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.